பூட்டோடு வாங்கின பெட்டி

பழைய சாமான் வியாபாரத்தில் தராசு இரண்டாவதுதான். முதலில் வேண்டியது தொண்டை. நாகர்கோவிலில் ஆக்கர் கடை வைத்திருக்கிற எனக்கு அது கொஞ்சம் கூடவே உண்டு. பழைய இரும்பு, பித்தளை, பெட்டி, பீரோ என்று வீடு வீடாக ஏறி, வெயிலில் நின்று, வீட்டுக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் என் சக பாவிகளே, நீங்களாவது இதை நம்புவீர்கள்.

பேர் வெட்டின தூக்குவாளி

சுனாமிக்கு முன்னால் நான் மீன்காரி. தலையில் கூடை, வாயில் பேரம். அலை என் அண்ணனைக் கொண்டுபோயிற்று, உடல் கிடைக்கவில்லை. அதன் பிறகு பல வாரம் யாரும் மீன் வாங்கவில்லை. கூடையும் கவிழ்ந்து கிடந்தது, நானும் கவிழ்ந்து கிடந்தேன்.

ஒருநாள் கோட்டாறில் ஆக்கர் கடை வைத்திருந்த பாய் ஒருவர் எங்கள் ஊருக்குள் விசாரித்துக்கொண்டே வந்தார். கையில் நசுங்கின தூக்குவாளி. கரையில் பொறுக்கின சாமான்களை மூட்டையாக எடைக்கு வாங்கியிருக்கிறார். பிரித்துப் பார்த்தபோது இதில் அண்ணன் பேரும் ஊர்ப் பேரும் வெட்டியிருந்ததாம். அண்ணன் கல்யாணத்துக்கு அம்மா வாங்கி, பேர் வெட்டிக் கொடுத்தது. இரண்டு பஸ் மாறி வந்த மனிதரிடம் நான் கேட்ட முதல் வார்த்தை, "எவ்வளவு வேணும்?" என் புத்தி அப்படி. அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"பேரு வெட்டின பாத்திரத்துக்கு வீட்டாள்கிட்ட விலை சொல்லப்பிடாது, தங்கச்சி."

பூட்டோடு பேரம்

அந்தப் பாய்தான் தன் பழைய தராசைத் தந்து என்னை இந்தத் தொழிலில் இறக்கிவிட்டார். இறங்கினதும் நானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: பூட்டின பெட்டியைத் திறக்காமலே விலை பேசுவேன், கை மாறின பிறகு உள்ளே இருப்பதெல்லாம் எனக்கு. வெள்ளிக் குங்குமச்சிமிழும் கிடைத்திருக்கிறது, எலிக்குஞ்சும் கிடைத்திருக்கிறது. பிற்பாடு ஓடிவந்து "அதைத் தந்திரு" என்று அழுதவர்களைக் கத்தியே விரட்டியிருக்கிறேன்.

சில வருஷம் கழித்து, ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவர் வீட்டில் இரும்பு டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் பர்மா சண்டைக்குப் போய்வந்த அவருடைய அப்பாவின் பெட்டி. அப்பா காலமாகி எவ்வளவோ நாளாகியும் அதை யாரும் திறக்கவில்லை. நான் சொன்ன விலைக்கு வாத்தியார் உடனே தலையாட்டினார். பேரம் பேசாத ஆளைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். என் சட்டத்தைச் சொல்ல வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"உள்ள என்ன இருந்தாலும் திருப்பி இங்க கொண்டு வரப்பிடாது, கேட்டியா?"

வாழைக்கறை

பூட்டை உடைத்தால் மேலே காக்கி உடுப்பு, அடியில் பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் மடித்த பட்டுத்துணி. வெள்ளைத் துணி, நடுவில் சிவப்பு வட்டம், சுற்றிலும் கறுப்பு மையில் கோழி கிண்டின மாதிரி எழுத்து. ஓரத்தில் தவிட்டு நிறக் கறை. கறை போனால் விலை கூடுமே என்று அந்த மூலையைச் சோப்புத் தண்ணீரில் முக்கிக் கசக்கினேன்.

அப்போது பழைய இரும்பு தேடி மயிலாடிச் சிற்பி ஒருவர் வந்தார். ஜப்பான்காரர் ஒருவருக்குத் தோட்டத்தில் வைக்கும் கல்விளக்குகள் செதுக்கி அனுப்புகிறவர். அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாவிட்டாலும் பார்த்த பழக்கம் உண்டு. போனில் படம் எடுத்து ஜப்பான்காரருக்கு அனுப்பினார். மறுநாள் பதிலோடு வந்தார். சண்டைக்குப் போகிற ஜப்பான் பையனுக்கு ஊரார் எல்லாரும் பேர் எழுதிக் கொடுத்த கொடியாம். அதை உடம்போடு வைத்துக்கொண்டு போவானாம். எனக்கு என் கவலை. "எல்லாம் சரி, இந்த வாழைக்கறைதான் போக மாட்டேங்கு" என்றேன்.

"அக்கா, இனி தொவைக்காதீங்க. அது வாழைக்கறை இல்ல, ரத்தம்."

எரிக்கவா, விற்கவா

டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கு ஓடினேன். என் சட்டத்தை நானே மீறினது அன்றைக்குத்தான். அவர் கேட்டைத் திறக்கவில்லை. செத்துக் கிடந்த ஒருவன் உடம்பிலிருந்து அப்பா அதை எடுத்தது அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியுமாம். "எரிச்சிரு. எங்க அப்பாக்க பேரை மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதே" என்று கம்பிக்கு அப்பாலிருந்து கும்பிட்டார்.

அந்த வாரமே மோப்பம் பிடித்து ஒருவர் காரில் வந்தார். பட்டாளத்துச் சாமான் சேகரிக்கிறவர். அவரே விலை சொன்னார், அவரே ஏற்றினார். என் கடைக்கு ஷட்டர் போடும் அளவுக்கு ஏறிவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், கை நீண்டது. அவர் கறையை விரலால் தடவிப் பார்த்தார். நான் கசக்கின மூலையைக் கண்டு உச்சுக்கொட்டினார்.

"அடடா, கழுவிட்டியேம்மா! ரத்தம் முழுசா இருந்தா இன்னும் மேல போட்டுத் தந்திருப்பேனே."

மயிலாடியில்

அவரை என்ன சொல்லி விரட்டினேன் என்பது எழுதக்கூடியதல்ல. டப்பாவைக் கொண்டுபோய் அண்ணனின் தூக்குவாளிக்குப் பக்கத்தில் வைத்தேன். வாளியில் பேர் வெட்டியிருக்கிறது, கொடியில் பேர் எழுதியிருக்கிறது. அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

கல்விளக்குகளைப் பார்க்க அந்த ஜப்பான்காரர் நேரில் வரப்போவதாகச் சிற்பி சொன்னார். கொடியை அவரிடம் கொடுக்கப்போகும் நாளை வாத்தியாருக்கும் சொல்லிவைத்தேன். வருவார் என்று நினைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் வெளுத்த வேட்டியோடு நின்றார். "பேரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க சார்" என்றேன். மயிலாடியில் சிற்பியின் பட்டறைக் கல்தூசிக்கு நடுவே, ஜப்பான்காரர் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். வாத்தியார் என் கையிலிருந்து டப்பாவை வாங்கித் தானே கொடுத்தார். வாத்தியார் சொன்னதைச் சிற்பி பக்கத்தில் நின்று, தெரிந்த இங்கிலீஷில் திருப்பிச் சொன்னார்.

"இது எங்க அப்பா எடுத்தது. அவருக்க பேரையும் எழுதிக்கிடுங்க."

சோப்பு மணம்

கொடியிலிருந்த பேர்களை வைத்து வீட்டாளைத் தேடுவதாகச் சொல்லிப்போன ஜப்பான்காரரிடமிருந்து நாலைந்து மாதம் சத்தமில்லை. பிறகு ஒருநாள் சிற்பி கடைக்குள் ஓடிவந்து போனில் ஒரு படத்தை நீட்டினார். கொடிக்காரனின் தங்கச்சி, எண்பது தாண்டின அம்மா, மடியில் அந்தத் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணனுக்கும் உடல் வரவில்லையாம். அன்றைக்கு அஸ்தி என்று பட்டாளத்திலிருந்து வீட்டுக்கு வந்த பெட்டியில் ஒரு கல்தான் இருந்ததாம். துணியை விரித்து ஒவ்வொரு பேராக வாசித்துவிட்டு, கடைசியில் முகர்ந்து பார்த்தாளாம். கசக்கினதுக்குத் திட்டு வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஜப்பான்காரர் எழுதியனுப்பினதைச் சிற்பி வாசித்தார்.

"'ஒரு மூலையில சோப்பு மணம் வருது. யாரோ ஒருத்தி வீட்டுப்பிள்ளைக்க துணின்னு நினைச்சுத் தொவைச்சிருக்கா'ன்னு அந்தம்மா சொன்னாங்களாம், அக்கா."

விலை கூட்டத்தான் துவைத்தேன் என்று திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் அன்றைக்கு வாளியோடு வந்து வழி காட்டின பாய்க்குச் சேரவேண்டிய நன்றியை நானே பேரம் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்; காலிப் பெட்டியை மட்டும் மூணு மடங்கு விலைக்கு விற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைத் தெரிந்தவர்கள் இதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பமாட்டார்கள்.