தீவின் சொந்தத் திராட்சை

லண்டன், வால்தம்ஸ்டோ. நெற்றி நிறையத் திருநீறு பூசிய யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் வைன் கடையில் நிற்கிறேன். தோழி வீட்டு விருந்துக்காகச் சிசிலித் தீவின் சிவப்பு வைன் ஒன்றை எடுக்கிறேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப அடுக்கிவிட்டு, பக்கத்திலிருக்கும் இன்னொரு பாட்டிலைக் காட்டுகிறார்.

"அது மெர்லோ, தங்கச்சி. பிரான்சிலை இருந்து போன திராட்சை. தீவின்ரை சொந்தத் திராட்சை இதுதான், நீரோ டாவொலா. பதினாறு வருசம் அங்கை பழம் பறிச்சனான்."

சென்னைக்காரி விடுவேனா? "மெர்லோவும் அங்க போய் ரொம்ப வருஷம் ஆச்சே அண்ணா. இன்னுமா வெளியாள்?"

அவர் திரும்ப அடுக்கிய மெர்லோவைப் பார்க்கிறார்.

"என்ரை ரெண்டு பிள்ளையளும் அங்கைதான் பிறந்தவை," என்கிறார். பிறகு நீரோ டாவொலாவோடு மெர்லோவையும் எடுத்துப் பையில் வைக்கிறார்.

"இதுவும் பாவம். கொண்டு போங்கோ."