விலாசம் சொல்லிக் கேட்ட ஜெபம்

என் கணவரின் கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஸ்கொட்லாந்தில், ஆள் அரவமே இல்லாத ஒரு மலையில், கைநீட்டிய தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனிக்குள் நாங்கள் இருவரும் தனியாக இருந்தோம். போனில் சிக்னல் இல்லை. நாங்கள் அங்கே போனது லண்டனில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆண்டவரில் அன்பானவர்களே, அந்த நாளைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறோம். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை. என் கணவர் அன்ரன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து யூடியூப்பில் மலையேறுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, வைகாசியில் வருகிற எங்கள் கலியாண நாளுக்கு ஸ்கொட்லாந்தில் ஒரு மலை ஏறியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் மன்னாரில் பிறந்தவள். எங்கள் ஊர் கடலைப் போலத் தட்டை. ஆனாலும் எனக்கும் ஆசை வந்துவிட்டது.

ஆயத்தம் செய்வதில் அவரைக் குறை சொல்லவே முடியாது. சாப்பாட்டு மேசையில் மாதக்கணக்காக மலையின் வரைபடம்தான் விரிந்து கிடந்தது. நாங்கள் சோபாவில் இருந்து சாப்பிட்டோம். சனிக்கிழமைகளில் லண்டனுக்குக் கிட்ட இருக்கிற பொக்ஸ் ஹில் என்ற குன்றில் ஏறி இறங்கிப் பழகினோம். மழைக்கோட்டு, திசைகாட்டி, விசில், ஆபத்தில் உள்ளே புகுந்துகொள்ளும் செம்மஞ்சள் நிறப் பை, எல்லாம் வாங்கினார். கடையில் மலையேறும் சப்பாத்து விற்ற பெண் மட்டும் ஒன்றை அழுத்திச் சொன்னாள். எந்த மலை, எந்த வழி, எப்போது இறங்குவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டுமாம்.

அவர் அவளுக்குத் தலையாட்டிவிட்டு, கடைக்கு வெளியே வந்ததும் என்னிடம் திரும்பினார்.

"ஊரெல்லாம் பறையடிச்சுப்போட்டுப் போனா காரியம் உருப்படுமே? கண்ணூறு பட்டுப்போம். போயிட்டு வந்து சொல்லுவம்."

ஞாயிறு பூசை தவறாத மனிதர்தான். ஆனால் வீட்டுப் படியிறங்கும்போது "எங்கை போறியள்?" என்று யாராவது கேட்டால் போதும், திரும்பி உள்ளே வந்து கதிரையில் இருந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். மகளுக்குக்கூட எடின்பரோ பார்க்கப் போகிறோம் என்றுதான் சொன்னார். உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கதை என்று எனக்குத் தெரியும்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் ஜெபித்தால் விபரமாகத்தான் ஜெபிப்பேன். மகள் கார் ஓட்டும் சோதனைக்குப் போனபோது எந்த ரவுண்டபவுட்டில் அவள் தடுமாறுவாள் என்பதையும் மாதாவிடம் சொன்னேன். அவள் பாஸ். எங்கள் ஜெபமாலைக் குழுவை நடத்துகிற றெஜினா அக்கா, "ஸ்டெல்லா தொடங்கினா தேத்தண்ணி ஆறிப்போம்" என்று எல்லோர் முன்னாலும் பகிடி பண்ணுவார். என் கணவரோ, "மாதாவுக்கு நீர் போஸ்ட்கோட் சொல்லத்தான் வேணுமோ?" என்பார். நான் அதையெல்லாம் கணக்கில் எடுத்ததே இல்லை.

வைகாசி மாதாவின் வணக்கமாதம் அல்லவா? புறப்படுவதற்கு முன்பு றெஜினா அக்கா வீட்டில் ஜெபமாலை. என் கணவர் வெளியே காருக்குள் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். மனிதருக்குச் சொல்லாதே என்றவர், மாதாவுக்குச் சொல்லாதே என்று சொல்லவில்லையே! மன்றாட்டு நேரத்தில் நான் வாயைத் திறந்தேன். மலையின் பெயரைப் பாடமாக்கி வைத்திருந்தேன். ஏரிக்கரையில் காரை விடுவோம் தாயே, மரப்பாலம் கடந்து இடதுகைப் பக்கமாக ஏறுவோம், வந்த வழியே இறங்குவோம், சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குள் றெஜினா அக்காவுக்குப் போன் எடுத்து நன்றி சொல்ல எங்களுக்கு அருள் தாரும் என்று முடித்தேன். யாரோ கொட்டாவி விட்டார்கள்.

சனிக்கிழமை காலை நல்ல வெயில். உச்சிக்குக் கிட்டப் போகும்போது மூடுபனி இறங்கியது. திரும்புவோம் என்று அவரே சொன்னார், அந்தப் புத்திக்கு நான் அவரை மெச்சுகிறேன். இறங்கும்போதுதான் ஈரப் பாறையில் வழுக்கி விழுந்தார்.

செம்மஞ்சள் பைக்குள் அவரைத் திணித்து, என் கம்பளிச் சட்டையையும் போர்த்தினேன். விசிலை ஊதி ஊதி என் உதடு மரத்துப்போனது. காற்றைத் தவிர எந்தப் பதிலும் இல்லை. பிறகு அவருடைய நடுக்கம் குறைந்தது. முதலில் நல்லது என்று நினைத்தேன். அவருடைய பேச்சுக் குழறத் தொடங்கியபோதுதான் குளிர் உள்ளே இறங்கிவிட்டது என்று விளங்கியது. அவரை விட்டு இறங்கினால் எனக்கு வழி தெரியாது. இருந்தால் அவர் என் கையிலேயே போய்விடுவார்.

"ஒருத்தருக்கும் தெரியாதப்பா," என்று அவர் அழுதார். "என்ரை பிழை. ஒருத்தரும் வரமாட்டினம்."

"மாதாவுக்குத் தெரியும்," என்றேன். "நான் எல்லாம் சொன்னனான். பாலம், இடதுகைப் பக்கம், எல்லாம். நித்திரை கொள்ளாதையுங்கோ, என்னோடை சேர்ந்து சொல்லுங்கோ."

அருள்நிறைந்த மரியே சொன்னோம். அவர் நிறுத்திய இடத்தில் அவருடைய கன்னத்தில் தட்டித் தட்டிச் சொல்லவைத்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. அங்கே வைகாசியில் இருட்ட வெகுநேரமாகும். மங்கல் வெளிச்சம் இருக்கும்போதே கீழேயிருந்து ஒரு விசில் கேட்டது. நான் ஊதினேன். அது திருப்பி ஊதியது. பிறகு ஒரு நாய், அதன் பின்னால் சிவப்புச் சட்டை போட்ட மலை மீட்புக் குழுவினர். நான் அந்த நாயைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதேன்.

அவரைத் தூக்குபடுக்கையில் கட்டும்போது குழுத் தலைவர், "உங்கள் வழியை இவ்வளவு தெளிவாகச் சொல்லி வைத்துவிட்டு வந்தீர்களே, நல்ல வேலை. இல்லாவிட்டால் நாளைக்கும் தேடிக்கொண்டிருப்போம்," என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் இன்னொரு மலையும் ஏறுவேன்.

நடந்தது இதுதான். ஆறு மணிக்குப் போன் வரவில்லை. ஏழுக்கும் வரவில்லை. றெஜினா அக்கா அவசர இலக்கம் 999 அடித்து ஸ்கொட்லாந்துப் பொலிஸைக் கேட்டிருக்கிறார். எந்த மலை, எந்தப் பக்கம் என்று அவர்கள் கேட்கக் கேட்க, கரையில் கார், மரப்பாலம், இடதுகை என்று மளமளவென்று சொல்லியிருக்கிறார். இவ்வளவும் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "அவ ஜெபத்திலை சொன்னவ" என்பதைத்தான் ஆங்கிலத்தில் சொன்னாராம்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் போன் எடுத்தபோது அக்கா சொன்னது இது: "இனி உன்ரை ஜெபத்துக்கு நான் தேத்தண்ணியைச் சுட வைச்சுக்கொண்டிருப்பன்."

சகோதரங்களே, எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. மறைக்கவில்லை. என் தாய் கேட்டாள், அதைவிடப் பெரிய பெருமை எனக்கு ஏது? அவள் என் வார்த்தையை எடுத்து, அந்த அறையில் இருந்த ஒரு மனுஷியின் காதில் பத்திரமாக வைத்திருந்தாள். நீங்களும் உங்கள் கஷ்டத்தை மூடி வைக்காதீர்கள். வாயைத் திறந்து, நாலு பேர் நடுவில், ஒன்றும் விடாமல் கேளுங்கள்.

கால் பொருந்திவிட்டது. வருகிற வைகாசியில் அதே மலையை ஏறி முடிக்கப் போகிறோம். போன கிழமை ஜெபமாலைக்கு என் கணவர் காரைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தார். மன்றாட்டு நேரத்தில் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, மலையின் பெயரில் தொடங்கி, பாலம், இடதுகைப் பக்கம், இறங்கும் நேரம் எல்லாம் சொன்னார். நான் ஆமென் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, மாதாவுக்குக் காரின் நம்பரையும் சொன்னார்.