ஈடாக வந்த வெண்கலப் பானை

1969-ஆம் ஆண்டு, சித்திரை மாதம். காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் போகும் வழியில் உள்ள ஒரு சிற்றூரில் நான் கொல்லுப் பட்டறை வைத்திருந்தேன். கல்யாணமாகி மூன்றாம் வருடம். அன்றாடம் நடப்பதைத் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. சாயங்காலம் கைக்கரியைக் கழுவிக்கொண்டு வாசகசாலைக்குப் போய்விடுவேன். அங்கே படித்ததைப் பேசுவேன். ஊரில் பார்த்ததையும் பேசுவேன். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

நான் சம்மட்டி பிடித்தால் மனைவி துருத்தி இழுப்பாள். அரிவாள், மண்வெட்டி, கதவுக் கொண்டி என்று வேலை வந்துகொண்டே இருக்கும். விற்பனைக்கு இல்லாமல் ஒரே ஒரு சாமான் மட்டும் சுவரில் தொங்கும். அது பாதாளக் கரண்டி. இரும்பு வளையம் ஒன்றைச் சுற்றிக் கொக்கிகள் இருக்கும். கயிறு கட்டிக் கிணற்றுக்குள் விட்டுத் துழாவினால், விழுந்த வாளியோ குடமோ மாட்டிக்கொண்டு வரும். தொழில் பழகிய காலத்தில் நான் கெடுக்காமல் செய்து முடித்த முதல் சாமான் அது. கொக்கி முனையை அடித்து வளைக்கையில் இரும்பு ஆறிவிட்டால் வெடித்துவிடும். காய்ச்சல் கூடினால் பொறி பறந்து எரிந்துபோகும். நிறம் பார்த்து உலையிலிருந்து எடுக்க என் கண் பழகுவதற்குள் எத்தனையோ கொக்கிகள் பாழாகியிருந்தன.

பாதாளக் கரண்டியை யாருக்கும் சும்மா கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாங்க வருகிறவர் ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். இல்லையென்றால் இரண்டு வீட்டுக்கும் சண்டை வரும் என்பார்கள்.

அந்தச் சித்திரையில் அடுத்த தெருவில் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டின் காவல்காரர் வந்தார். நடுத்தர வயது, தனி ஆள். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள்.

“கெணத்துல வாளி விழுந்திருச்சு ஆசாரி. கரண்டி வேணும்” என்றார். கையில் ஒரு பித்தளைச் சட்டி.

“பூட்டுன வீட்டுல ஏதுண்ணே வாளி?”

“செடிக்கு ரெண்டு வாளி ஊத்துவேன்ல.”

சொன்னவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாளி எடுக்க ஒரு பொழுது போதும். இவரோ நாலைந்து நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். பார்த்தால், ஒரு கொக்கி முழுக்க நிமிர்ந்து போயிருந்தது. வாளித் தண்ணீருக்கெல்லாம் நிமிர்கிற கொக்கி அல்ல அது.

“வாளி கெடச்சுச்சாண்ணே?”

“பாதி கெடச்சுச்சு.”

“பாதி வாளி எப்படிண்ணே கெடைக்கும்?”

சட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் கொக்கியைக் காய்ச்சி மறுபடி வளைத்து மாட்டினேன். மனம்தான் வளைந்து கொடுக்கவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் ஊரிலேயே இன்னொரு பூட்டிய வீட்டில் பூட்டு உடைந்திருந்தது. பூட்டு உடைந்தால் போலீஸ்காரர் முதலில் மிதிப்பது கொல்லன் வாசலைத்தான். என் உளிகளை ஒவ்வொன்றாக வெயிலில் வைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அடுத்த வாரமே காவல்காரர் திரும்பவும் கரண்டி கேட்டு வந்தார். இந்தத் தடவை ஈடாகக் கொண்டுவந்தது ஒரு வெண்கலப் பானை. கனமானது, பழையது. அவர் போன பிறகு கழுத்தைத் துடைத்துப் பார்த்தேன். அந்த வீட்டு முதலாளியின் தலைப்பெழுத்துகள் வெட்டியிருந்தன. இங்கே பெரிய வீட்டுச் சாமான் ஒவ்வொன்றிலும் சமையல் கரண்டி வரைக்கும் எழுத்து இருக்கும். ஆளில்லாத வீட்டிலிருந்து சாமான்களை எடுத்துக் கிணற்றில் போட்டு வைத்து, சமயம் பார்த்து மேலே எடுக்கிறாரோ? கொக்கி நிமிர்ந்தது அதனால்தானோ? நாளைக்கு விஷயம் வெடித்தால் திருட்டுப் பானை இருப்பது யார் வீட்டில்?

மனைவியிடம் சொன்னேன். அவள் துருத்தியை நிறுத்தவில்லை.

“அவுக அப்படிப்பட்டவுக இல்ல.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“பாத்தாத் தெரியாதா? ஒங்களுக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம்.”

அந்தப் பேச்சு எனக்கு வேறொரு சந்தேகத்தைக் கொண்டுவந்தது. அவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? மழை பொய்த்துக் குடிதண்ணீர் ஊருணி பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஊருணிக்குள் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொல்லி விடியுமுன்னே குடத்தோடு போய்விடுவாள். வீட்டு வாளி எங்கே என்று கேட்டதற்கு, “அக்கா வீட்டுல இரவல் கேட்டாக” என்றாள். அக்காவோ தேவகோட்டையில் இருந்தாள். அங்கிருந்து வாளி இரவல் கேட்பார்களா? போகக் கூடாத இடத்துக்கெல்லாம் என் புத்தி போனது. ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்ப்பதென்றுகூட முடிவு செய்தேன். அதற்குள் பெரிய வீட்டின் கதவு திறந்துவிட்டது.

படைப்புக்காக அந்த வீட்டு முதலாளியின் மனைவி ஆச்சி சென்னையிலிருந்து வந்து இறங்கியிருந்தார்கள். முன்னோருக்குப் படைக்க வேண்டும் என்றால் முதல் வேலை சாமான் அறையைத் திறந்து எண்ணுவது. மறுநாள் காலை நான் அரிவாள் ஒன்றைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது ஆச்சியே பட்டறைக்கு வந்துவிட்டார்கள். பின்னால் காவல்காரர், தலையைக் குனிந்தபடி.

“எங்க வீட்டுப் பானைய நீங்க வச்சிருக்கீகளாம்ல ஆசாரி?”

“ஈடா வாங்குனது ஆச்சி. கரண்டிக்கு.”

“பூட்டிக் கெடந்த வீட்டுக்குக் கரண்டி எதுக்கு? கேட்டா இவரு வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. நீங்களாவது சொல்லுங்க.”

என் மனதில் இருந்ததைச் சொல்ல அதுதான் சமயம். வாயைத் திறந்தேன். அதற்குள் துருத்திச் சத்தம் நின்றது.

“விழுந்தது என் வாளி ஆச்சி” என்றாள் மனைவி.

“ஒன் வாளியா? எங்க கெணத்துக்கு நடந்து வந்துச்சா?”

“நான்தான் தூக்கிட்டு வந்தேன். நான் மட்டுமில்ல, இந்தத் தெருப் பொம்பளைக எல்லாரும் வந்தோம். ஊருணி காஞ்சு போச்சு. ஒங்க கெணத்துல மட்டுந்தான் ஊறுச்சு. அண்ணன் விடியுமுன்ன பின்கதவைத் தொறந்து விடுவாக. எங்க கயிறெல்லாம் இத்துப் போன கயிறு. அத்து அத்து விழுந்திருச்சு. நீங்க வாரதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துறணும்னுதான் அண்ணன் கரண்டி வாங்குனாக.”

ஆச்சி காவல்காரர் பக்கம் திரும்பினார்கள். “ஒரு கொடம் தண்ணி என்ன வெலைக்கு வித்தீரு?”

பதில் சொன்னது மனைவிதான்: “வெலைக்கு வித்திருந்தா, நாங்க எதுக்கு ஆச்சி இவுகளை மறைக்கணும்?”

“சரி. பானைய எதுக்கு எடுத்தீரு? ஒம்மகிட்டப் பாத்திரமே இல்லையா?”

“மொதத் தடவ வச்ச சட்டி இரவல் வாங்குனது. எனக்குன்னு இருக்குறது ஒரு அலுமினியத் தட்டுதான் ஆச்சி” என்றார் அவர். “ஈடா வச்சா, சாப்புடத் தட்டு இருக்காது.”

அப்போதுதான் என் பார்வை உலைக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. ஊருணி ஊற்றுத் தண்ணீர் கலங்கல். இரும்பைத் தோய்த்தால் அலகில் சேறு படியும். அந்த ஒரு மாதமாக என் தொட்டியில் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அரிவாள் சுத்தமாக வருகிறதென்று நானே மெச்சியிருக்கிறேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், தினமும் இரும்பைத் தோய்த்த தண்ணீரை மட்டும் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்கவில்லை.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஒங்ககிட்டயா? தேதி போட்டு எழுதிருவீக. சாயங்காலம் வாசகசாலையில வாசிச்சும் காட்டிருவீக.”

ஆச்சிக்குச் சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். “கரண்டி எங்க வீட்டுலதான இருக்கு? வாங்க ஆசாரி. கெணத்துல என்னதான் கெடக்குன்னு பாத்துருவோம்.”

காவல்காரரும் நானும் கயிற்றைப் பிடித்தோம். துழாவித் துழாவி இழுத்ததில் பெரிய பாரமொன்று மாட்டியது. அறுந்த கயிறுகள் ஒன்றோடொன்று பின்னி, மூன்று வாளிகளும் ஒரு பித்தளைக் குடமும் கொத்தாக மேலே வந்தன. கொக்கி நிமிர்ந்ததன் காரணம் விளங்கியது. ஒரு வாளியின் கைப்பிடி முனையில் நான் போடும் முறுக்கு இருந்தது; அது எங்கள் வீட்டு வாளி.

ஆச்சி லேசில் நம்பிவிடவில்லை. ஒவ்வொன்றையும் சேறு போகக் கழுவச் சொல்லி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தங்கள் வீட்டு எழுத்தைத் தேடினார்கள். ஒன்றில்கூட அது இல்லை. கடைசி வாளியைக் கீழே வைத்துவிட்டு வெகு நேரம் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புறப்படும்போது என்னைக் கூப்பிட்டார்கள். “பின்கதவுக்கு உள்பக்கந்தான் கொண்டி இருக்கு. வெளியில இருந்து தொறக்குற மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுங்க. விடியுமுன்ன எந்திரிச்சு எந்திரிச்சு இவருக்கும் தூக்கம் கெட்டுப்போச்சு போல.”

காவல்காரரிடம் அன்று அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் படைப்பு முடிந்து அவர்கள் போன பிறகும் அந்த வீட்டு வாசலில் அவர்தான் இருந்தார்.

அந்தக் கொண்டியை நான் அடித்த நாளைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்; வாசகசாலையில் மட்டும் வாசிக்கவில்லை. பாதாளக் கரண்டி கேட்டு வருகிறவர்களிடம் இன்றும் ஈடு வாங்குகிறேன், அது வழக்கம். ஆனால் ஈடாக வருகிற பாத்திரத்தில் யார் வீட்டு எழுத்து இருக்கிறதென்று துடைத்துப் பார்ப்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.