குவைத் பாஞ்சாலி

சந்தாபுராவில் பஸ்ஸை விட்டு இறங்கி, "குவைத்துக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டோக்காரர் சிரிக்க மாட்டார். ஹெப்பகோடிப் பக்கம் திருப்பி, தைலமரத் தோப்பைத் தாண்டி, எங்கள் மனநல மருத்துவமனையின் பெண்கள் வார்டு வாசலில் கொண்டுபோய் விடுவார். வார்டுக்கு இந்தப் பெயரை வாங்கித் தந்தவள் பாஞ்சாலியக்கா. அவளிடம் பாஸ்போர்ட் கிடையாது. விமானத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

நான் வனஜா, ஆம்பூர்க்காரி. அங்கே சேர்க்கை ரிஜிஸ்டர், டிஸ்சார்ஜ் ரிஜிஸ்டர், பார்வையாளர் புத்தகம் மூன்றும் என் பொறுப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். பாஞ்சாலியக்காவோடு பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

தொண்ணூற்றொன்றில் அவள் ஆயாவாகச் சேர்ந்தாள். தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் மகள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். புருஷன் குடியாத்தத்துக்கு ஒரு சாவுக்குப் போனவன், இன்னும் துக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறான். இடுப்பில் எப்போதும் ஒரு மரச்சீப்பு செருகியிருப்பாள். காலை ஏழு மணிக்குள் வார்டில் உள்ள முப்பத்தாறு தலைகளையும் வாரிப் பின்னி, எண்ணி முடித்துவிடுவாள். பிறகு மதியம் எண்ணுவாள், சாயங்காலம் எண்ணுவாள். ஏன் இந்தத் தொல்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கப்பா சுரங்கத்துல எறங்கசொல்லோ டோக்கன் குடுப்பாங்க, வனஜாம்மா. மேல வந்தா திருப்பிக் குடுத்துடணும். ஒரு டோக்கன் வரலன்னாலும் மேல கீறவன் எவனும் வூட்டுக்குப் போவமாட்டான். எறங்கினவன் ஏறணும். அவ்ளோதான்."

அவளைப் பொறுத்தவரை எங்கள் மருத்துவமனையும் ஒரு சுரங்கம். ஒரு டோக்கன் மட்டும் நாலு வருஷமாகத் திரும்பாமல் இருந்தது. அந்த டோக்கனின் பெயர் டோரீன்.

டோரீன் காக்ஸ் டவுன்காரி. ஒரு ஃபேக்டரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். அம்மா இறந்ததும் மனம் கலங்கி எங்களிடம் வந்தாள், ஒரே வருஷத்தில் தேறிவிட்டாள். சூப்பரின்டென்டன்ட் டாக்டர் ரங்கநாத்தும் 'வீட்டுக்குப் போகலாம்' என்று ஃபைலில் எழுதிவிட்டார். ஆனால் எங்கள் விதிப்படி, சேர்த்துவிட்டவர் வந்து உறவைக் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் அனுப்பலாம். சேர்த்துவிட்டவன் தம்பி டொமினிக். நான் எப்போது போன் செய்தாலும், "நெக்ஸ்ட் மன்த் கண்டிப்பா வரேன் மேடம்" என்பான். கண்டிப்பு என்ற சொல்லையே நான் வெறுக்கும்படி ஆக்கிவிட்டான்.

ஒருநாள் போனை வேறு யாரோ எடுத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள். டோரீன் விஷயமாக என்றதும், "டோரீனா? அது குவைத்துல நர்ஸா இருக்கே! நீங்க யாரும்மா பேசறது?" என்றார்.

தெருவில் டொமினிக் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறான். என் வாய் சும்மா இருக்காது. வார்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். டோரீன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "நாலு வருஷமா லீவே குடுக்க மாட்டாங்களாமா குவைத்துல?" என்றாள். அப்புறம் அழுதாள். பாஞ்சாலியக்கா அவள் தலையை மறுபடி அவிழ்த்து வாரினாள். வாரிய வேகத்தில் சீப்பில் இரண்டு பல் உடைந்தது.

தொண்ணூற்றேழில் எங்களிடம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். மனநல மருத்துவமனையில் நடக்கிற கதையாம். டிரஸ்ட் தலைவர் மூன்று நாள் அனுமதி கொடுத்துவிட்டார். டைரக்டர் சிவசங்கரன் எங்கள் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, எல்லாரும் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்காங்க? பைத்தியமாவே தெரியலியே!"

"தெரியாம இருக்கத்தான் சார் எனுக்கு சம்பளம்," என்றாள் பாஞ்சாலியக்கா.

அவர் துணை நடிகைகளை வேனில் அழைத்து வந்தார். எங்கள் சலவை அறையில் இருந்த பச்சை கவுன் அத்தனையும் அவர்களுக்குப் போயிற்று. எங்கள் பெண்களுக்கு மூன்று நாளும் அவரவர் டிரங்குப் பெட்டியில் இருந்த நல்ல துணி. ஆக, கவுன் போட்டவர்கள் எல்லோரும் நடிகைகள், பட்டும் பாவாடையுமாக நின்றவர்கள் எல்லோரும் நோயாளிகள். டோரீன் காலர் வைத்த வெள்ளை ஃபிராக் போட்டு, வெள்ளை ஷூவுக்குச் சாக்குக்கட்டி தேய்த்துக்கொண்டாள்.

முதல் நாளே வம்பு. மேக்கப்காரர் இரண்டு மணி நேரம் பாடுபட்டு நடிகைகளின் தலையைக் கலைத்து, தூசி தூவி வராந்தாவில் உட்கார வைத்திருந்தார். டீ குடித்துவிட்டு வந்தவர் அலறினார். பன்னிரண்டு பேரும் எண்ணெய் வழிய, நடுவகிடு எடுத்து, இரட்டைப் பின்னலும் ரிப்பனுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"என் வார்டுல பச்சை கவுனு போட்டா தல வாரித்தான் ஆவணும்," என்றாள் பாஞ்சாலியக்கா. அவர்கள் நடிகைகள் என்று தெரியாமல் செய்துவிட்டதாக டாக்டரிடம் சத்தியம் செய்தாள். அவளுக்குத் தெரியும் என்று நான் எந்தச் சாமி முன்னாலும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

இரண்டாம் நாள் டாக்டர் ரங்கநாத்துக்கே ஆபத்து. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் சீப்புக்கும் அவர் தலைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. புரொடக்ஷன் மேனேஜர் அவரையும் நோயாளி வேஷக்காரர் என்று நினைத்துத் தோளைப் பிடித்துத் தள்ளி, "மேக்கப் ஆச்சுல்ல? அங்க போய் வரிசையா உக்காருய்யா!" என்றார். டாக்டர் திகைப்பில் அரை நிமிஷம் உட்கார்ந்தும் விட்டார். பிறகு எழுந்து, என்ன இது என்று கன்னடத்தில், "ஏன்ரீ இது!" எனப் போட்ட சத்தத்தில் கேமராக்காரரே கைதட்டினார்.

அன்று மதியம்தான் விஷயம் திரும்பியது. நர்ஸாக நடிக்க வேண்டிய பெண் வரவில்லை. டைரக்டர் வாட்சைப் பார்த்துக்கொண்டு குட்டி போட்ட பூனையாக நடந்துகொண்டிருந்தார். வராந்தாவில் ஒரே கூச்சல். வெள்ளை ஃபிராக்கில் நின்றிருந்த டோரீன், தன் பழைய ஆபரேட்டர் குரலில், "சைலன்ஸ் ப்ளீஸ், ஒவ்வொருத்தரா பேசுங்க," என்றாள். மொத்த யூனிட்டும் அடங்கிவிட்டது.

"அந்த சிஸ்டர் நடிப்பாங்களா?" என்று டைரக்டர் கேட்டார்.

"கேட்டுப் பாக்கறேன் சார்," என்றாள் பாஞ்சாலியக்கா. அது சிஸ்டர் இல்லை என்று சொன்னாளா? சொல்லவில்லை. அதை அவர் கேட்கவில்லையாம்.

டோரீனைத் தனியாக அழைத்துப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"நர்ஸா நடிக்கக் கூப்புடறாங்கடி. உனுக்கு இஷ்டமா? அப்புறம் உன் மூஞ்சி ஊருக்கெல்லாம் தெரியும்."

டோரீன் காலரைச் சரிசெய்துகொண்டாள். "காக்ஸ் டவுன்ல தெரியுமா அக்கா?"

"நல்லாவே தெரியும்."

"அப்ப ஓகே."

காட்சி சின்னதுதான். காதலியைப் பார்க்க ஹீரோ ஓடி வருகிறான், நர்ஸ் மறிக்கிறாள். ஒரே வசனம்: "விசிட்டிங் டைம் முடிஞ்சிருச்சு. நாளைக்கு வாங்க." டோரீன் சொன்ன விதத்தில் ஹீரோ நிஜமாகவே இரண்டடி பின்னால் போனான். ஒரே டேக். டைரக்டர் வாயைப் பிளந்து, "எப்படி சிஸ்டர் இவ்ளோ இயல்பா?" என்றார்.

"நாலு வருஷமா என்னைப் பாக்க யாரும் வரல சார். இத யார்கிட்டயாவது சொல்லணும்னு ரொம்ப ஆசையா இருந்தது," என்றாள் டோரீன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் விஷயம் தெரிந்து டாக்டர் குதித்தார். காட்சியை வெட்டச் சொல்லப் போவதாகச் சொன்னார். டோரீன் அவர் எதிரில் போய் நின்றாள். "நான் வீட்டுக்குப் போகலாம்னு நீங்கதானே டாக்டர் எழுதினீங்க? வீட்டுக்குப் போகத் தெம்பு இருந்தா, ஒரு வரி பேசத் தெம்பு இருக்காதா?" டாக்டர் பேனாவைத் திறந்தார், மூடினார், காட்சியை விட்டுவிட்டார். ஆனாலும் யாரையாவது திட்டியாக வேண்டுமே. பாஞ்சாலியக்காவுக்கு ஒரு மெமோ. நான்தான் டைப் அடித்தேன். அவள் அதை மடித்துச் சீப்போடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் படம் வெளியானது. எல்லா ஊரிலும் ஒரு வாரத்தில் சுருண்டது. காக்ஸ் டவுன் பக்கத்துத் தியேட்டரில் மட்டும் மூன்று வாரம் ஓடியது. பக்கத்து வீட்டு அம்மாள் நாலு தடவை பார்த்தாராம். "டோரீன் குவைத்துலேர்ந்து எப்ப வந்தா? சினிமால நடிச்சவ சொந்த வீட்டுக்கு ஏன் வரல?" என்று தெருவே டொமினிக்கைப் பிடித்துக்கொண்டது. கோவிலில் ஃபாதரும் கேட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டொமினிக் வந்தான். நாற்பது முறைக்கு மேல் அழைத்தும் வராதவன், அழைக்காமலே வந்தான். மேஜையைத் தட்டினான்.

"யாரைக் கேட்டு எங்கக்காவ சினிமால போட்டீங்க? நான் கம்ப்ளெயின்ட் குடுப்பேன்!"

நான் வாய் திறப்பதற்குள் பாஞ்சாலியக்கா முன்னால் வந்துவிட்டாள்.

"குடுங்க சார், தாராளமா குடுங்க. ஆனா ஒரு சந்தேகம். உங்கக்கா குவைத்துல இல்ல கீறாங்க? இங்க கீறது வேற டோரீனாச்சே."

மேஜையைத் தட்டிய கையை அவன் எடுத்துக்கொண்டான்.

"உங்கக்கா இல்லன்னா கம்ப்ளெயின்ட் குடுக்க நீங்க யாரு? உங்கக்காதான்னா, வனஜாம்மா, அந்த ரிஜிஸ்டர எடு. உறவுன்னு போட்டுக்கீதே, அங்க அக்கான்னு எழுதி ஒரு கையெழுத்து போட்டுட்டுக் கூட்டினு போங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

நான் டிஸ்சார்ஜ் ரிஜிஸ்டரை மேஜையில் விரித்து வைத்தேன். பேனா மூடியையும் கழற்றி வைத்தேன். இத்தனை வருஷ வேலையில் எனக்கு இத்தனை சந்தோஷம் தந்த காரியம் வேறில்லை.

அப்போது டோரீன் வாசலில் வந்து நின்றாள். தம்பியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "விசிட்டிங் டைம் முடிஞ்சிருச்சு. நாளைக்கு வாங்க," என்றாள்.

டொமினிக் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். தலை நிமிராமலே பேசினான். "எனக்குக் கல்யாணம் பேசிட்டிருந்தாங்க அக்கா. ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். அப்புறம் அத நிறுத்தத் தெரியல."

"பைத்தியம்னு சொல்லியிருந்தா ஒரு வருஷத்துல ஊரு மறந்திருக்கும்டா," என்றாள் டோரீன். "நீ குவைத்னு சொன்ன. அதனாலதான் எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு." அவள் சத்தம் போடவில்லை. நான் சத்தம் போட்டு அழுதேன்.

அவன் 'அக்கா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். எழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஆனால் விதிக்குப் போதும். பாஞ்சாலியக்கா டோரீனைக் கடைசி முறையாக உட்கார வைத்துத் தலை வாரினாள். அன்று மட்டும் மெதுவாக வாரினாள். அவர்கள் போனதும் வார்டை எண்ணினாள். முப்பத்தைந்து. "டோக்கன் வந்துருச்சு வனஜாம்மா," என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. 'பாஞ்சாலி, பெண்கள் வார்டு, குவைத், சந்தாபுரா வழி' என்று முகவரி. தபால்காரர் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் 'வார்டு' என்ற சொல்லைப் பிடித்து எங்களிடம் கொண்டுவந்தார்; ஆட்டோ ஸ்டாண்டு வரை கதையைச் சொல்லியும் வைத்தார். நான் வாசித்துக் காட்டினேன். 'அக்கா, குவைத் எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல ஊர், தலை வாரும்போதுதான் கொஞ்சம் வலிக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.'

ஜனவரியில் இரண்டாம் சனிக்கிழமை, மூன்று மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. "குவைத் வந்துருச்சு மேடம்," என்று ஓட்டுநர் சொல்ல, டோரீன் இறங்கினாள். வாழைப்பழச் சீப்பும் கேக் பெட்டியும் கையில். பார்வையாளர் புத்தகத்தை வாங்கி எழுதினாள். 'பார்க்க வந்த நோயாளியின் பெயர்' என்ற இடத்தில், பாஞ்சாலி. 'உறவு' என்ற இடத்தில், தங்கை.

"இது நோயாளிங்களுக்கான புத்தகம் டோரீன். ஸ்டாஃப் பேர எழுதக் கூடாது. விதி," என்று சீறினேன்.

"ஏழெட்டு வருஷமா அவங்களைப் பாக்க யாராவது வந்திருக்காங்களான்னு புத்தகத்தப் புரட்டிப் பாருங்க," என்றாள் டோரீன்.

புரட்ட வேண்டியதில்லை. அந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வது நான்தானே. முத்திரையை எடுத்து அந்த வரியின் மேல் குத்திவிட்டு, வார்டைப் பார்த்துக் கூவினேன்.

"பாஞ்சாலிக்கா! உன்னைப் பாக்க விசிட்டர் வந்திருக்காங்க!"

அவள் வேகமாக வந்தாள். தனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு டோரீனைப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு வந்தது. சட்டென்று இடுப்பிலிருந்து சீப்பை உருவினாள்.

"இன்னாடி தல இது? உக்காரு."