கேட்டால்தான் அவுட்

போன கிழமை ஹம்பேர்க்கில் நல்ல மழை. எஸ்-பான் ரயிலில் எனக்கு எதிரே வந்து அமர்ந்த பெண்ணின் பையிலிருந்து நனைந்த தோலின் மணம் வந்தது. ஈரச் சப்பாத்தின் மணமல்ல; எண்ணெயும் வியர்வையும் கொஞ்சம் புழுதியும் கலந்தது. எட்டிப் பார்த்தேன். பேஸ்போல் கையுறை. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் இறங்க வேண்டிய நிலையம் போய்விட்டது. அது எனக்குப் புதிதல்ல. ஜேர்மனியில் இறங்க வேண்டிய இடத்தில் நான் இறங்கிய நாட்கள் குறைவு.

இதே மணம்தான் எசன் நகரில் நான் போட்டிருந்த அம்பயர் முகமூடியின் வாரில் இருந்தது. எனக்கு முன் எத்தனை பேர் அதற்குள் வியர்த்தார்களோ. ஸ்ருட்கார்ட்டில் கோப்பை கழுவி, பொன் நகரில் வீடு வீடாக விளம்பரத்தாள் போட்டு, கடைசியில் எசனில் ஒரு விளையாட்டுக் கழகத்துக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு அறையில் ஐந்து பேர் இருந்தோம். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. குளிர்காலத்தில் அது அப்படியொன்றும் நல்ல இடமில்லை. அந்தக் கழகம் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு அம்பயரைக் கொடுத்தாக வேண்டும். விளையாட எல்லோரும் வந்தார்கள். பேச்சு வாங்க ஒருவரும் வரவில்லை. புல் வெட்டுகிறவனைக் கேட்டார்கள். ஓம் என்றேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சோதனை எழுதி வாங்கிய சான்றிதழ் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. அம்பயருக்கு ஒரு அட்டை உண்டு, படத்தோடு. எழுத்துச் சோதனையை இரண்டாம் தடவையில் தாண்டினேன். இனி மூன்று ஆட்டம் நடத்திக் காட்ட வேண்டும். பார்த்து மதிப்பிட ஹைக்கே என்றொரு பெண் வருவார், டிராம் ஓட்டுகிறவர். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் அட்டை இல்லை.

முதல் ஆட்டத்திலேயே பிழை விட்டேன். ஓடி வந்தவனைப் பந்தோடு தொட்டார்கள், தெளிவான அவுட். நான் பேசாமல் நின்றேன். யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்தது கிரிக்கெட்டில். அங்கே யாராவது திரும்பிக் கத்திக் கேட்காமல் அம்பயர் விரலைத் தூக்கமாட்டார். அவர்கள் கேட்கட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்லட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள்.

என் அறைக்காரர் குகன் அண்ணை மிக்சர் பையோடு களத்தோர மர வாங்கிலில் இருந்தார். “தம்பி, நித்திரையே? ஏதாவது ஒண்டைக் காட்டு.”

ஹைக்கே குறிப்புப் புத்தகத்தில் நீளமாக எழுதினார்.

இரண்டாவது ஆட்டத்தில் எல்லாவற்றுக்கும் உடனுக்குடன் கத்தினேன். பக்கத்துத் தோட்டத்து நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. “இப்ப நல்லம்,” என்றார் குகன் அண்ணை. “ஆனா காத்துக்கும் அவுட் குடுக்கிறாய்.”

மூன்றாவது, எங்கள் கழகத்தின் ஆட்டம். பேஸ்போலில் நாலு மூலையையும் தொட்டுச் சுற்றி வந்தால்தான் ஒரு ஓட்டம். கடைசி மூலையில் ஒரு வெள்ளைத் தட்டு பதித்திருக்கும். அம்பயர் நிற்பது அதன் பின்னால். கடைசிச் சுற்று, இரு பக்கமும் சமன். எங்கள் யென்ஸ் தட்டை நோக்கிச் சறுக்கி வந்தான். பந்தோடு நின்ற எதிரணிக்காரன் எட்டித் தொடப் பார்த்தான், படவில்லை. யென்ஸின் காலும் தட்டில் படவில்லை. ஒரு சாண் தள்ளி, புழுதியில் கோடு கீறிக்கொண்டு போனது.

அவன் தட்டைத் தொட்டிருந்தால் நான் இரு கையையும் விரிக்க வேண்டும். பந்தோடு அவனைத் தொட்டிருந்தால் முஷ்டியைத் தூக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அம்பயர் ஒன்றும் காட்டக்கூடாது. ஓடியவன் திரும்பி வந்து தொட்டால் ஓட்டம். அதற்குள் எதிரணி பந்தோடு தட்டை மிதித்துக் கேட்டால் அவுட். ஒருவரும் கேட்காமல் களத்தை விட்டுப் போனால் ஓட்டம் ஓட்டம்தான். அந்த விளையாட்டில் கிரிக்கெட் மாதிரிக் கேட்டால்தான் சொல்லலாம் என்கிற மிகச் சில இடங்களில் இது ஒன்று.

எங்கள் ஆட்கள் யென்ஸைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். எனக்குக் கை உன்னியது. விரித்தால் ஆட்டம் முடியும். எனக்கு முகமூடி தந்தவர்கள் வெல்வார்கள். நான் விழித்திருக்கிறேன் என்று ஹைக்கேயும் எழுதுவார். குகன் அண்ணை வாங்கிலை விட்டு எழும்பிவிட்டார். “திரும்பவும் தொடங்கிட்டியே? கையை விரி தம்பி, அட்டை போகப்போகுது.”

கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்திருந்தேன். எதிரணிக்காரன் தலையைத் தொங்கப்போட்டு இரண்டடி நடந்தான். பிறகு நின்றான். என் கைகளைப் பார்த்தான். திரும்பி வந்து தட்டை மிதித்து, பந்தை நீட்டி, இவன் தொடவில்லைதானே என்று கேட்டான்.

முஷ்டியைத் தூக்கினேன்.

ஆட்டம் இன்னொரு சுற்றுப் போய் எங்கள் கழகம் தோற்றது. கழகத் தலைவர் என்னைப் பார்க்காமலே காரில் ஏறினார். ஹைக்கே கிட்ட வந்து, முதல் ஆட்டத்திலும் இப்படித்தானே நின்றாய், என்ன வித்தியாசம் என்றார். அன்று தெரியாமல் நின்றேன், இன்று தெரிந்து நின்றேன் என்று என் உடைந்த டொச் மொழியில் சொன்னேன். புத்தகத்தை மூடினார்.

அடுத்த கிழமை புல் வெட்டும்போது யென்ஸ் கோப்பி கொண்டுவந்தான். தட்டைத் தவறவிட்டது இவ்வளவா என்று இரு விரலை அகட்டிக் காட்டினான். அதை இன்னும் கொஞ்சம் அகட்டிவிட்டேன். சிரித்தான். பிறகு அட்டை தபாலில் வந்தது. குகன் அண்ணை அறையில் எல்லோருக்கும் காட்டினார். “படத்திலயும் நித்திரைதான்.”

அவர் இப்போது கனடாவில். அட்டையின் தவணை எப்போதோ முடிந்தது. இன்னும் பணப்பையில் கிடக்கிறது. எஸ்-பான் பெண்ணிடம், உங்கள் கழகத்துக்கு அம்பயர் இருக்கிறார்களா என்று கேட்டேன். ஒருவரும் வருவதில்லை என்றாள். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள், போகப்போகிறேன். இப்போதெல்லாம் வேலியோரம் முழுக்கப் போனில் படம் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களாம், பிறகு ஓட்டிப் பார்க்க. எசனில் அந்தத் தட்டு பதித்திருந்த இடத்தில் இன்று மாடிக் கட்டடம் ஒன்றின் சைக்கிள் கொட்டகை. அங்கே ஒரு மத்தியானம், முப்பது பேருக்கும் பார்க்க என் இரண்டு கைகளைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.