லெவல் மாமாவும் வாஷிங் மெஷினும்

என் மாமனாரை அவரோடு வேலை பார்த்தவர்கள் "லெவல்" என்றுதான் கூப்பிடுவார்கள். பம்ப் ஹவுஸில் ஆயுள் முழுக்க ஆபரேட்டராக இருந்தவர். தொட்டியின் இரும்பு ஏணியில் காதை வைத்துக் கேட்டே உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று சொல்லிவிடுவாராம். இது அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரமே சொன்னார், அதற்கப்புறம் சொல்லாத வாரம் கிடையாது. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூட ஒரு கண்ணைச் சுருக்கி விளிம்பைப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ரிட்டயர் ஆன பிறகு எங்கள் மொட்டைமாடித் தொட்டி அவருடைய இலாகா. மோட்டார் சுவிட்சை வேறு யாராவது தொட்டுவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இப்படி ஒருவர் இருக்கிற வீட்டில், தண்ணீர் லெவல் சரியில்லை என்று வாஷிங் மெஷின் மாதக்கணக்கில் என் உயிரை வாங்கியது.

அந்தக் கதைக்கு முன்னால் இன்னொன்று சொல்ல வேண்டும். மாமாவோடு மாறி மாறி ஷிப்ட் பார்த்த கூட்டாளி ஒருவர் இருந்தார். படுக்கையிலேயே சிறுநீர் போக ஆரம்பித்ததும் பிள்ளைகள் அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். மாமா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் அன்று மோட்டார்கூடப் போடவில்லை. அன்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அவங்க பண்ணினதுல என்னப்பா தப்பு? அந்த நிலைமை வந்துட்டா வீட்டுல வெச்சுப் பாக்கறது கஷ்டந்தானே" என்றார். பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். மாமா பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். எனக்கும் அப்போது அது பெரிதாகப் படவில்லை.

எங்கள் மெஷின் மேல்மூடி ரகம். தண்ணீர் வரவில்லை என்றால் திரையில் "ஈ ஒன்று" வரும், அளவுக்கு மேல் ஏறிவிட்டால் "ஈ நான்கு". நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் காலையிலிருந்து நின்ற காலோடு வந்து, துணியைப் போட்டு, பட்டனை அமுக்கிவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தால், உடனே பீப் பீப் என்று அலறும். போய்ப் பார்த்தால் ஈ நான்கு. மூடியைத் திறந்தால் துணி நனையும் அளவுக்குக்கூடத் தண்ணீர் இருக்காது. மறுநாள் கழுத்துவரை தண்ணீரை வைத்துக்கொண்டு வாய்கூசாமல் ஈ ஒன்று என்றது. இரண்டு நாளும் அத்தனை துணியையும் கையால்தான் துவைத்தேன். இடுப்பு விட்டுப்போனது.

என் வீட்டுக்காரர் கூரியர் ஆபீஸில் சூப்பர்வைசர். அங்கே எல்லாரையும் மேய்த்துப் பழகியவர் என்பதால் மெஷினையும் மேய்க்கப் பார்த்தார். போனில் வீடியோ பார்த்துக்கொண்டே குழாயைக் கழற்றினார், வடிகட்டியைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தார். தண்ணீர் வெளியேறும் பைப்பைக் கயிறு போட்டுச் சுவரில் தூக்கிக் கட்டினார். மெஷின் ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது என்று ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தார். கழற்றிய திருகுகளில் ஒன்று மிச்சமானது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நீ சோப்புத்தூளை அள்ளிக் கொட்டற, அதான் பிரச்சினை" என்று தீர்ப்புச் சொன்னார்.

"நான் கொட்டினதை நீங்க பாத்தீங்களா? ஒரு நாளாவது துணி போட்டிருக்கீங்களா இதுல?"

அன்று அவர் சட்டைகளை மட்டும் துவைக்காமல் வாளியிலேயே போட்டுவிட்டேன்.

கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். பொறுமையான மனிதர். மெஷினின் முதுகைத் திறந்து சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாயை உருவினார். "தண்ணி ஏற ஏற இதுக்குள்ள காத்து அழுந்தும். அதை வெச்சுத்தான் மெஷின் லெவலைக் கண்டுபிடிக்கும். இது அடைச்சா அதுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி" என்றார். குழாய்க்குள்ளிருந்து வெள்ளையாகக் களி மாதிரி ஏதோ வந்தது. அதை விரலில் தேய்த்துப் பார்த்தவர், "இது பவுடர் இல்லக்கா. கட்டி சோப்பு. கரைச்சு ஊத்துறீங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டி சோப்பு எங்கள் வீட்டில் சட்டைக் காலர் தேய்க்க மட்டும்தான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் குழாய் சொட்டினால்கூடப் போய் யோசனை சொல்லிவிட்டு வருகிற மனிதர், லெவல் என்ற வார்த்தை காதில் விழுந்தும் தலையைத் தூக்கவில்லை. அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். காலர் தேய்க்கிற சோப்பு வாரா வாரம் தேய்ந்து காணாமல் போனதும் மண்டையில் ஏறவில்லை.

மெக்கானிக் சுத்தம் செய்துவிட்டுப் போனார். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடிவிட்டு மறுபடியும் ஈ நான்கு. மறுபடி வந்து சென்சாரையே மாற்றினார். அதுவும் கொஞ்ச நாள்தான். "திருட்டுப்பய. நம்ம தலையில மிளகாய் அரைக்கறான்" என்று என் வீட்டுக்காரர் குதித்தார்.

அந்த வாரம் ஒருநாள் கடை முதலாளியின் உறவில் யாரோ தவறிவிட்டதால் காலையிலேயே ஷட்டரை இறக்கிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், குளியலறையிலிருந்து மாமா ஒரு வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வருகிறார். தரையெல்லாம் தண்ணீர். மெஷின் மூடி திறந்திருந்தது. நான் நிற்பது தெரியாமல், சோப்பு நுரை பொங்கும் தண்ணீரை அப்படியே உள்ளே கவிழ்த்தார்.

"மாமா! நீங்கதானா?"

நான் போட்ட சத்தத்தில் வாளி கையைவிட்டு விழுந்தது. "ஏன் மாமா, மெஷினே தண்ணி எடுத்துக்காதா? உங்க பம்ப் ஹவுஸ் தொட்டியா இது? நான் அங்க இடுப்பொடிஞ்சு சாகறேன், நீங்க இங்க..." என்று சொல்லிக்கொண்டே மெஷினுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே அவருடைய படுக்கை விரிப்பு. பக்கத்தில் அவருடைய வேட்டி.

"டீ கொட்டிடுச்சும்மா" என்றார்.

டீ இல்லை என்பது வாடையிலேயே தெரிந்தது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நம்ம குழாய்ல தண்ணி நூலாட்டம்தான் வருது. அது ரொம்பி, துவைச்சு, பிழிஞ்சு, மொட்டைமாடியில காயறதுக்குள்ள நீ வந்துடுவே. வாளியில ஊத்தினா சீக்கிரம் ரொம்பிடும்னு கணக்குப் போட்டேன். பவுடர் குறைஞ்சா உனக்குத் தெரிஞ்சிடும்னு கட்டி சோப்பைக் கரைச்சேன்" என்றார். பிறகு குரலை இறக்கி, "அவன்கிட்ட சொல்லிடாதம்மா. அனுப்பிடுவான்" என்றார்.

சொல்லவில்லை. தரையைத் துடைத்தேன், தண்ணீரை வடியவிட்டு விரிப்பை மறுபடி துவைக்கப் போட்டேன். சமயம் பார்த்து மெதுவாக எடுத்துச் சொல்லலாம் என்று இருந்தேன்.

ஆனால் சாயங்காலம் வந்ததும் வராததுமாக என் வீட்டுக்காரர் மெஷின் திரையைப் பார்த்தார். மறுபடியும் ஈ நான்கு. நேராக மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "ஏமாத்தறியா? உங்க கம்பெனிக்குப் புகார் எழுதறேன் பாரு. நாளைக்கு நீ வேலையில இருக்கியான்னு பாக்கறேன்" என்று வீடு அதிரக் கத்தினார். நான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன், அவர் கண்டுகொள்ளவே இல்லை.

மாமா எழுந்து வந்தார். "வைடா போனை" என்றார். அப்படி ஒரு குரல் அவருக்கு இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"அந்த ஆள் மேல தப்பில்ல. தண்ணி ஊத்தினது நான். சோப்பைக் கரைச்சு ஊத்தினதும் நான். என் படுக்கை நனைஞ்சு போகுதுடா. கொஞ்ச நாளா இப்படித்தான். வேலை பாத்து பொழைக்கறவன், என்னால அவன் பொழப்புல மண் விழ வேணாம்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "என்னை இல்லத்துல சேர்க்கறதுன்னா சேர்த்துடு. ஆனா முதல்ல அந்த ஆள்கிட்ட மன்னிப்புக் கேளு."

என் வீட்டுக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே நின்றார். மறுமுனையில் மெக்கானிக் "சார்? சார்?" என்று கூப்பிடுவது எனக்கே கேட்டது. எனக்கு வந்ததே ஒரு கோபம், அத்தனை நாள் கையால் துவைத்த கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது.

"யாரும் எங்கயும் போகப் போறதில்ல! மாமா, இனி அந்த மூடியைத் திறந்து தண்ணி ஊத்தினீங்கன்னா மாடி மோட்டார் சுவிட்சைத் தொட விடமாட்டேன், சொல்லிட்டேன். நனைஞ்சா என்னைக் கூப்பிடணும். நான் இல்லேன்னா உங்க பிள்ளை இருக்காரு, அவருக்கு ரெண்டு கை இருக்கு. ஏங்க, இருக்கில்ல?"

"இருக்கு" என்றார். பிறகு போனில், "அண்ணே, மன்னிச்சுக்கங்க. தப்பு எங்க வீட்டுலதான்" என்றார். குரல் உடைந்திருந்தது. அப்பா பக்கம் திரும்ப அவருக்கு முகமில்லை. மெஷின் காலுக்கடியில் வைத்த அட்டையைக் குனிந்து சரிசெய்வதுபோல ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

மறுநாள் காலை நான் அடுப்படியில் கை ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தேன். கடைக்கு நேரமாகிவிட்டது. அப்போது அறையிலிருந்து மாமா, பம்ப் ஹவுஸில் மோட்டார் சத்தத்துக்கு மேல் ஆளைக் கூப்பிடுகிற தொனியில், தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்:

"ஏம்மா! இன்னைக்கும் நனைஞ்சிடுச்சு!"

"சரி மாமா, வர்றேன், கத்தாதீங்க!" என்று நானும் கத்தினேன். ஆனால் எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் எழுந்து போயிருந்தார்.