பனிமூட்டத்தில் மாமா பிடித்த சுக்கான்

மார்கழிக் காலையில் ஒரகடம் கூட்டுச்சாலையில் நிற்கும்போது, பனிக்குள்ளிருந்து கம்பெனி பஸ்களின் ஹாரன் சத்தம்தான் முதலில் வரும். வண்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது. பக்கத்தில் நிற்பவர்கள் டீ குடித்துக்கொண்டு ஓவர்டைம் கணக்குப் பேசுவார்கள். நான் மட்டும் சாலையை விட்டு நாலடி பின்னால் போய் நிற்பேன். 1991இல் பிடித்த பயம் அது.

அப்போது நான் ஒரு சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி. வேலைக்குச் சேர்ந்த புதிது. காலை எட்டு மணியிலிருந்து நண்பகல் வரை, கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் ‘வாட்ச்’ என்னும் காவல் என் பொறுப்பு. அந்த நேரத்தில் எனக்குச் சுக்கான் பிடித்தவர் வல்லத்துக்காரர், என் அத்தையின் கணவர். இருவரும் ஒரே கப்பலுக்கு வந்து சேர்ந்தது தற்செயல். மற்றவர்கள் முன்னால் என்னை ‘சார்’ என்பார். தனியாக இருந்தால் ‘மாப்ளே’தான்.

அன்று பனிமூட்டம் சட்டென்று இறங்கியது. முன்னால் இருந்த விளக்குக் கம்பம் மறைந்தது; பிறகு கப்பலின் மூக்கே மறைந்தது. செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தேன். கீழே இயந்திர அறையில் இருந்த கேப்டனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வேகத்தைக் குறைத்தேன். சங்கை ஊதவைத்தேன். பார்வைக் காவலாளியை முன்முனைக்கு அனுப்பினேன். தானாக ஓடிக்கொண்டிருந்த சுக்கானை மாமா கையில் கொடுத்தேன். பிறகு ராடார் திரைக்கு வெளிச்சம் மறைக்கும் ரப்பர் கூண்டுக்குள் முகத்தைப் புதைத்தேன்.

இடது முன்பக்கம் சின்னதாக ஒரு புள்ளி. திரையில் பென்சிலால் குறித்தேன். சற்றுப் பொறுத்து மறுபடி குறித்தேன். புள்ளி நெருங்கியிருந்தது, திசை மாறவில்லை. திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால், இரண்டும் மோதப்போகின்றன என்று அர்த்தம். அவ்வளவு சின்னப் புள்ளி என்றால் மரப்படகாகத்தான் இருக்கும். அதில் ஆட்கள் இருப்பார்கள். வலப்பக்கம் காலியாக இருக்கிறதா என்று பார்த்தேன். காலிதான்.

“ஸ்டார்போர்டு ட்வென்டி” என்றேன். சுக்கானை வலப்பக்கம் இருபது டிகிரி திருப்பு என்ற கட்டளை. சுக்கான் பிடிப்பவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். சத்தம் வரவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். சுக்கான் எவ்வளவு திரும்பியது என்று காட்டும் முள் நடுவிலேயே நின்றது.

“இன்னா அவசரம் மாப்ளே? பெரியவரு படியேறிக்கினு கீறாரு. அவரு வந்து சொல்லட்டுமே.”

“நேரம் இல்ல மாமா.”

“நீ திருப்பி ஏதாச்சும் ஆச்சுன்னா உன் தலைலதான் வுழும். இப்பத்தான் வேலைல சேர்ந்துக்கீற. உங்கப்பனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

விருந்தில் என் இலையை மூடவிடாமல் தடுப்பாரே, அதே குரல். என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். புள்ளி நெருங்கிக்கொண்டே இருந்தது. அதுவரை அவரிடம் ஒருமையில் நான் பேசியதே இல்லை.

“திருப்புய்யா! வலது பக்கம் ஒண்ணும் இல்ல, நான் பாத்துட்டேன். ஸ்டார்போர்டு ட்வென்டி!”

அவர் முகம் சுருங்கியது. “ஸ்டார்போர்டு ட்வென்டி, சார்!” என்று கத்திக்கொண்டே சுழற்றினார்.

முள் நகர்ந்தது. கப்பல் நகரவில்லை. வயிறு நிறையச் சரக்கோடு போகும் கப்பல் சொன்னதும் கேட்காது. சுக்கான் திரும்பிய பின்னும் சிறிது நேரம் பழைய வழியிலேயே போகும். தெரிந்ததுதான். ஆனாலும் முன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளைக்குள்ளிருந்து தகரத்தைத் தட்டும் ஓசை வந்தது. யாரோ எங்கள் சங்கைக் கேட்டுவிட்டுத் தட்டுகிறார்கள். தட்டல் வேகமானது. திசைகாட்டியில் எண்கள் ஒன்றொன்றாக மாறத் தொடங்கின.

படகு எங்கள் இடப்பக்கம், வெகு கீழே, உரசாத குறையாகக் கடந்தது. மூன்று பேர். ஒருவர் சட்டி மூடியைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் தாண்டிய பிறகும் அவர் நிறுத்தவில்லை.

கேப்டன் மூச்சிரைக்க உள்ளே வந்தார். எப்போது திருப்பினாய், ஏன் இவ்வளவு நெருங்கவிட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மாமா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “லேட், மை மிஸ்டேக் சார்.”

நண்பகலில் காவல் முடிந்து இறங்கியபோது படிக்கட்டில் எனக்காக நின்றிருந்தார்.

“என்னிய வேற வாட்சுக்கு மாத்தச் சொல்லு மாப்ளே.”

“கோவமா மாமா? அப்படிப் பேசிட்டேன்னு…”

“அட, அது கெடக்கட்டும். உங்கத்தைகிட்ட சொல்ல மாட்டேன், பயப்படாத.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “உன்னாண்ட சுக்கான் புட்சா நான் மாமாவா ஆயிட்றேன். அந்தப் படகுல அடுப்பு எரிஞ்சிக்கினு இருந்துச்சு, பாத்தியா?”

பார்க்கவில்லை என்றேன். அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

மறுநாளே மாற்றினார்கள். புதிதாக வந்தவர் முன்பின் தெரியாதவர். ஒவ்வொரு கட்டளையையும் அறை அதிரத் திருப்பிச் சொன்னார். அவர் சொல்லி முடித்த பிறகும், முள் திரும்புகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.